கேட்ட ஓட்டைத் திருப்பிக் கொடுத்தது

எங்கள் வார்டு கவுன்சிலராக இருந்த அம்மா இறந்த அன்று அவர் வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். அவருக்கு நான்தான் ஜாக்கெட் தைப்பேன். ஆளுங்கட்சிக்காரர் என்றாலும் என் வீட்டுக்கு வந்தால் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கொஞ்ச நேரம் பேசிவிட்டுத்தான் போவார். அவர் இடத்துக்கு இடைத்தேர்தல் வரும், அதில் நான் நிற்பேன் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

தானே புயலுக்கு இரண்டு வருஷம் முந்தைய கதை இது. சிதம்பரத்தில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் எங்கள் வீடு. முன்னறையில் என் தையல் மெஷின். என் கணவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கடையை விட்டால் அவருக்குக் கட்சி. நான் பண்ருட்டியிலிருந்து கல்யாணமாகி வந்தபோது எங்கள் வார்டில் தெருவுக்குத் தெரு அந்தக் கட்சியின் கொடிக்கம்பம் இருந்தது. பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். சிலர் ஆளுங்கட்சிக்கு, சிலர் புதிதாக ஆரம்பித்த கட்சிகளுக்கு. கம்பங்கள் துருப்பிடித்தன. கொடி ஏற்றும் நாளில் என் கணவரும் நகரச் செயலாளரும் இன்னும் இரண்டு மூன்று பேரும் நின்று மிட்டாய் கொடுப்பார்கள். மிட்டாய் மீந்து வீட்டுக்கு வரும்.

இடைத்தேர்தல் அறிவித்த வாரத்தில் நகரச் செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் ஒரு ஜாக்கெட்டுக்குப் பட்டி மடித்துக்கொண்டிருந்தேன்.

"பொம்பள வார்டு தங்கச்சி. நம்ம ஆளுங்க வூட்ல எல்லாம் கேட்டுப் பாத்துட்டேன். ஒருத்தனும் பொண்டாட்டிய அனுப்ப மாட்டேங்கறான்" என்றார்.

"அதான் சொல்லிட்டேன்லண்ணே, இவ நிப்பா" என்றார் என் கணவர்.

எனக்கு அப்போதுதான் விஷயம் தெரியும். நகரச் செயலாளர் போன பிறகு, "என்ன மாமா, என்னை ஒரு வார்த்த கேக்க வேணாமா?" என்றேன்.

"கேட்டா நீ வேணாம்ப" என்றார்.  உண்மையிலேயே வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

மறுநாள் நகரச் செயலாளர் திரும்ப வந்து, எங்களுக்கு என்ன வாய்ப்பு இருக்கிறது என்று விரல் விட்டு விளக்கினார். "ஸ்கூல் தெரு நமக்குப் பாதி வரும். சர்ச் தெருவுல டீச்சரம்மா உன்கிட்டதான் தைக்கிறாங்க, அவுங்க சொன்னா நாலு வூடு கேக்கும். கடைசித் தெருவுல கொழாய்ல தண்ணியே வரல, கடுப்புல கெடக்கறாங்க. அது அப்படியே நமக்கு."

"அனுதாப ஓட்டு இருக்குமேண்ணே" என்றேன். ஆளுங்கட்சி, இறந்த அம்மாவின் மருமகளை நிறுத்தியிருந்தது.

"அனுதாபம் மாமியாருக்குத்தான். மருமவளுக்கு என்ன இருக்கு?" என்றார்.

அந்த மருமகளுக்கும் நான்தான் தைப்பேன். நகராட்சி அலுவலகத்தில் மனு கொடுக்கப் போன அன்று அவளைப் பார்த்தேன். அவளோடு வாசல் நிறைய ஆட்கள், மேளம், மாலை. என்னோடு ஆட்டோவில் வந்தவர்கள் மட்டும். அவள் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "அக்கா, நீங்களா? என்னோட பச்ச ஜாக்கெட் ஆச்சா?" என்று கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, வாயில் வந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும், "நாளைக்கு வாங்கிக்கலாம்மா" என்று சொல்லிவிட்டேன். கழுத்தில் மாலையோடு அதைச் சொன்னேன். என் கணவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஓட்டுக் கேட்கப் போவதைப் பற்றி நான் அதற்கு முன்னால் யோசித்ததே இல்லை. அந்த வார்டுப் பெண்களில் பாதிப் பேருடைய தோள் அளவும் கை அளவும் எனக்குத் தெரியும். அவர்கள் என் வீட்டுக்கு வந்து, இது சரியில்லை அது சரியில்லை என்று உரிமையோடு பேசுவார்கள். இப்போது நான் அவர்கள் வாசலில் கையைக் கூப்பிக்கொண்டு நின்றபோது அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு வீட்டில், "மருமவ ஊருக்குப் போயிருக்கா" என்று மாமியார் சொன்னார். பின்பக்கம் துணி துவைக்கும் சத்தம் நின்றது. இன்னொரு வீட்டில் ஜன்னலை மெதுவாகச் சாத்தினார்கள். அந்த வீட்டுப் பெண்ணின் சுடிதார் என் மேஜைமேல் பாதி தைத்துக் கிடந்தது. நான் அடுத்த வீட்டுக்கு நடந்தேன். என் பின்னால் என் கணவர் நோட்டீஸ் கட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார்.  

ஆனால் நான்கைந்து நாள் போனதும் எனக்குக் கூச்சம் விட்டுப்போனது. கடைசித் தெருவில் பூக்கட்டி விற்கும் ஒரு பெண் இருந்தாள். புருஷன் இல்லை. என்னைவிடச் சின்னவள், என்னை அக்கா என்பாள். குழாய்த் தண்ணீர் நின்றதிலிருந்து அந்தத் தெருவுக்கு லாரியில்தான் தண்ணீர் வந்தது. லாரி வரும் நாளை ஆளுங்கட்சிக்காரர்கள் முடிவு செய்தார்கள். அவர்கள் ஓட்டுக் கேட்டு வந்தபோது அவள் நடுத்தெருவில் நின்று, "கொழாய்ல தண்ணி வுட்டுட்டு வாங்க. இந்தவாட்டி எங்க ஓட்டு டெய்லர் அக்காவுக்குத்தான்" என்று கத்திச் சொல்லிவிட்டாள். அன்று மாலை அந்தத் தெருவுக்கு நான் போனபோது பெண்கள் தாங்களாகவே வெளியே வந்தார்கள். ஒருத்தி எனக்கு ஆரத்தி எடுத்தாள்.

அன்றைக்குத்தான் நான் ஜெயிப்பேன் என்று நினைக்க ஆரம்பித்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. வீட்டில் யாரும் இல்லாதபோது கண்ணாடி முன் நின்று, "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே" என்று சொல்லிப் பார்த்தேன். நகராட்சிக் கூட்டத்துக்கு எந்தப் புடவை கட்டலாம் என்று யோசித்தேன். அளவெடுக்க வந்தவளிடம், "இன்னும் கொஞ்ச நாளைக்கு அவசரத் துணி எடுக்க மாட்டேன்மா, அப்புறம் எப்படி இருக்குமோ" என்று சொன்னேன். அவள் போய் எல்லோரிடமும் சொல்லியிருப்பாள்.

மனுவை வாபஸ் வாங்கும் நாள் முடிந்து, சின்னமும் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு நாள் மதியம் சர்ச் தெருவில் டீச்சரம்மா வீட்டில் இருந்தேன். ரிடையர் ஆனவர், பார்த்துப் பேசுகிறவர். என்னையும் என் கணவரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நான் தண்ணீர்ப் பிரச்சினையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். டீச்சரம்மாவின் கண் என் தலைக்கு மேல் டிவியிலேயே நின்றது. நான் பேசுவது பிடிக்கவில்லை போல என்று நினைத்தேன்.

"ஏம்மா, உங்க கட்சி எலெக்சன்லயே நிக்கலன்னு போட்டிருக்கானே?" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். கீழே எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. உள்ளாட்சி இடைத்தேர்தல்களில் ஆளுங்கட்சி அராஜகம் செய்வதால் எங்கள் கட்சி தேர்தலைப் புறக்கணிக்கிறது, தொண்டர்கள் யாரும் வாக்களிக்க வேண்டாம், தலைமை அறிவிப்பு. அது ஓடி முடிந்து திரும்ப வந்தது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். என் மடியில் என் படம் போட்ட நோட்டீஸ் இருந்தது.

"வேற ஊருக்கா இருக்கும்" என்றார் என் கணவர்.

டீச்சரம்மா எழுந்து போய் டிவியை நிறுத்தினார். "மோர் சாப்பிடுங்க" என்றார். அந்த மோரைக் குடித்து முடிப்பது எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

நகரச் செயலாளரின் செல் ஸ்விட்ச் ஆஃப். அவர் வீட்டில் பூட்டு. மறுநாள் காலையில் இருவரும் பஸ் ஏறிக் கடலூருக்குப் போனோம். மஞ்சக்குப்பத்தில் மாவட்டக் கட்சி அலுவலகம். மாவட்டச் செயலாளர் யாரோ ஒருவருடைய நில விஷயம் பேசிக்கொண்டிருந்தார். எங்களை நிற்க வைத்தபடியே வெகுநேரம் பேசினார். பிறகு நிமிர்ந்து, "சொல்லுப்பா" என்றார்.

என் கணவர் விஷயத்தைச் சொன்னார்.

"தலைம முடிவு. அதுல நாம என்ன பண்றது?"

"பேரு இருக்குதேண்ணே. சின்னம் எல்லாம் குடுத்துட்டாங்க" என்றார் என் கணவர்.

"இருந்துட்டுப் போவட்டுமே. பேருதான?"

நான், "ஐயா, நாங்க வூடு வூடா போய்க் கேட்டுட்டோம். சரின்னு சொன்னவுங்களுக்கு என்ன பதில் சொல்றது?" என்றேன்.

அவர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். "நீதான் வேட்பாளராம்மா?" என்றார். அதுவரைக்கும் தெரியாதாம். "அதேபோல வூடு வூடா போயி போட வேணாம்னு சொல்லிடுங்க. தலைமைக்குக் கட்டுப்படணும், புரியுதா?"

"சரிங்கண்ணே" என்றார் என் கணவர். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். கடையில் வாடிக்கையாளர் அதட்டினால், "வேணும்னா எடுத்துட்டுப் போய்யா" என்று சொல்கிற ஆள் அவர். மோட்டாரைப் பிரித்து வைத்துவிட்டு யாருக்கும் பயப்படாமல் பேசுகிறவர். அந்தச் 'சரிங்கண்ணே'யைக் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று எனக்கு இருந்தது. நான் கேட்டுவிட்டேன் என்பது அவருக்கும் தெரிந்தது.

திரும்பும் பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். வெள்ளாற்றுப் பாலம் வந்தபோதுதான் வாயைத் திறந்தார். "நான் போய்ச் சொல்ல மாட்டேன். எனக்கு முடியாது."

"அப்ப யாரு சொல்றது?"

 இறங்கி நேராகக் கடைக்குப் போனவர், தேர்தல் முடியும்வரை தெருவில் தலை காட்டவில்லை.

நான்தான் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், யாரும் கேட்டிருக்கப்போவதில்லை. ஆனால் கடைசித் தெருப் பெண்கள் எனக்காக வந்து நின்று, போட்டு, வீணாய்ப் போவதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. மாலை மாட்டியிருந்த அன்று கட்டிய புடவையை எடுத்து வைத்துவிட்டு, வீட்டில் கட்டுகிற புடவையோடு கிளம்பினேன்.

ஓட்டுக் கேட்கும்போது ஒளிந்துகொண்டவர்கள் எல்லோரும் இப்போது வாசலுக்கு வந்தார்கள். ஊருக்குப் போயிருந்தவள் திரும்பியிருந்தாள். "உள்ள வாங்கக்கா" என்று கையைப் பிடித்து இழுத்து, காபி கொடுத்தாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. நான் வேட்பாளராக இல்லாமல் டெய்லராகத் திரும்பி வந்துவிட்டேன். போகும்போது ஒரு ஜாக்கெட் துணியையும் கையில் கொடுத்து அனுப்பினாள். ஸ்கூல் தெருவில் ஒரு பெரியவர், "அப்ப யாருக்குத்தான்மா போடறது? அதையும் நீயே சொல்லிட்டுப் போ" என்று கேட்டார். கிண்டலா, உண்மையிலேயே கேட்கிறாரா என்று தெரியவில்லை. "உங்க இஷ்டங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

டீச்சரம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் அங்கே போக வேண்டியதில்லை. இருந்தாலும் போனேன். "நீ ஏம்மா தலையக் குனியற?" என்றார். அவர் நல்லெண்ணத்தில்தான் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு எதிரில் அழுததும் ஓர் அவமானமாகிவிட்டது.

கடைசித் தெருவைக் கடைசியாகத்தான் வைத்திருந்தேன். பூக்காரப் பெண் வாசலில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை. பிறகு நாரை வாயால் கடித்து அறுத்தாள்.

"உங்க கட்சிக்கு வேணாம்னா வேணாம். எனக்குக் கட்சியப் பத்தி என்னக்கா தெரியும்? நான் உங்கள நம்பி அவுங்ககிட்ட வாயக் குடுத்துட்டேன். நீங்க பேரத் தொடச்சிட்டு வூட்டுக்குப் போயிடுவீங்க. மெஷின் இருக்கு, தைப்பீங்க. நாளைக்கு எங்க தெருவுக்குத் தண்ணி லாரி வருமா? அத மட்டும் சொல்லுங்க."

 "வரும்மா" என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை.

"போங்கக்கா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அடுத்த சரத்தை எடுத்துவிட்டாள்.

ஓட்டுப்போடும் நாளன்று என் கணவர், "கட்சி சொல்லிடுச்சு, போக வேணாம்" என்றார். நான் போனேன். என் பெயரை அச்சில் அப்படி ஒரு முறையாவது பார்க்க வேண்டும் என்று இருந்தது. பார்த்தேன். எனக்கே போட்டேன். வெளியே வந்தால் ஸ்கூல் வாசலுக்குத் தள்ளி ஆளுங்கட்சிக்காரர்கள் பந்தல் போட்டு மேஜை நாற்காலியோடு இருந்தார்கள். எங்கள் கட்சிக்கு என்று ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. நல்ல வெயில். "அக்கா, ஏன் வெயில்ல நிக்கறீங்க, வந்து உக்காருங்க" என்று அந்த மருமகளே கூப்பிட்டாள். கலர் சோடா வாங்கிவரச் சொல்லிக் கொடுத்தாள். நான் அவர்கள் பந்தலில் அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து அதைக் குடித்தேன். மறுக்கத் தெரியவில்லை. ஓட்டுப்போட வந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டே போனார்கள். அதில் கடைசித் தெருப் பெண்களும் இருந்தார்கள்.

அவள்தான் ஜெயித்தாள். எனக்கு டெபாசிட் போனது. ஆனால் போன தேர்தலில் எங்கள் கட்சி அந்த வார்டில் வாங்கியதைவிட எனக்கு ஜாஸ்தி விழுந்திருந்தது. போடாதீர்கள் என்று வாசல் வாசலாகச் சொல்லிவிட்டு வந்த பிறகும் யாரோ போய்ப் போட்டிருக்கிறார்கள். யார் என்று தெரியவில்லை. தெருவில் நடந்தால், "நான் உங்களுக்குத்தான்க்கா போட்டேன்" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். அதில் பாதிக்கும் மேல் பொய் என்று எனக்குத் தெரியும். உண்மையாகவே போட்டவர்களோ என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

அடுத்த வாரத்தில் நகரச் செயலாளரின் செல் வேலை செய்ய ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்து, "பொறக்கணிச்சே இவ்வளவு வாங்கியிருக்கோம். நின்னிருந்தா?" என்று என் கணவரைத் தோளில் தட்டினார். என் கணவர் சிரித்தார். மாவட்டத்திலும் இதைத்தான் பேசுகிறார்களாம், வார்டில் கட்சி உயிரோடு இருக்கிறதாம்.

பூக்காரப் பெண் பயந்தபடியே ஆனது. கடைசித் தெருவுக்கு லாரி வருவது தள்ளித் தள்ளிப் போனது. ஒரு முறை வராமலே போனதும் நான் புதுக் கவுன்சிலர் வீட்டுக்குப் போனேன். தைத்து முடித்த அவளுடைய துணி இரண்டு இருந்தது, அதையும் எடுத்துக்கொண்டேன். வெறுங்கையோடு போகக் கூச்சமாக இருந்ததால்தான். அவள் மாமியார் உட்கார்ந்துவந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தாள்.

"அந்தத் தெருவுல எனக்காகப் பேசினவுங்க இருக்காங்கம்மா. கோவம் இருந்தா என்மேல வச்சிக்க. தண்ணிய நிறுத்தாத" என்றேன்.

"ஐயோ, எனக்கு எதுவுமே தெரியாதுக்கா. எல்லாம் அவுங்கதான் பாத்துக்கறாங்க" என்று உள்ளே கையைக் காட்டினாள். உள்ளே அவள் புருஷன் போனில் பேசிக்கொண்டிருந்தான். அவளும் என்னைப் போலத்தான் என்று அப்போது தோன்றியது. அவளையும் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் அவள் எழுந்து போய் அவனிடம் ஏதோ சொன்னாள். நான் கிளம்பும்போது ஜாக்கெட்டை விரித்துப் பார்த்து, "கை கொஞ்சம் டைட்டா இருக்கும் போலக்கா" என்றாள். வாங்கிக்கொண்டு வந்து பிரித்துத் தைத்துக் கொடுத்தேன்.

லாரி வந்தது. நான் தெருமுனையில் நின்று பார்த்தேன். பூக்காரப் பெண் வரிசையில் இருந்தாள். என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் குடத்தை நகர்த்தினாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் தைக்கக் கொடுக்கவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்துச் சட்டமன்றத் தேர்தல் வந்தது. எங்கள் கட்சி அந்த முறை யாரோடோ சேர்ந்து நின்றது. என் கணவர் பெட்டியிலிருந்து கட்சித் துண்டை எடுத்து அவரே துவைத்துக் காயப்போட்டார். எனக்கு ஆத்திரம் வந்தது. நகரச் செயலாளர் வந்து உட்கார்ந்து, எந்தெந்த ஊரில் எங்களுக்கு வாய்ப்பு என்று பழையபடி விரல் விட்டு எண்ணினார். புவனகிரிப் பக்கம் பரவாயில்லை என்றார். நான் மெஷினில் இருந்து எழுந்திருக்கவில்லை.

"அடுத்து உள்ளாட்சி வருது. இந்த வார்டு தங்கச்சிக்குத்தான், எழுதி வச்சிக்கங்க" என்றார்.

என் கணவர் என் பக்கம் திரும்பிப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தார். அதெல்லாம் ஒண்ணும் வேணாம்ண்ணே என்று வாயைத் திறந்தேன். ஆனால் அதற்குள் உள்ளே என்னவோ ஒன்று குதித்தது. ஒரு நொடிதான். நிஜமாகவே சந்தோஷம். டீச்சரம்மா வீட்டு ஹால், மஞ்சக்குப்பம், பந்தலில் குடித்த கலர், இவை எதுவும் அந்த ஒரு நொடியில் எனக்கு ஞாபகம் வரவில்லை. பட்ட அவமானங்களில் எல்லாம் பெரியது எது என்று கேட்டால் அந்தச் சந்தோஷத்தைத்தான் சொல்வேன். அது யாருக்கும் தெரியாது.

"டீ போட்டுட்டு வரேன்ண்ணே" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன்.